டோமினிக்கின் எட்டரை விரல்கள்

சேலத்துக்கு மேலே மலையில் இருக்கிற ஒண்டிக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி டோமினிக் வீடு எங்கே என்று கேட்டால் உங்களுக்கு மூன்று டோமினிக்குகள் கிடைப்பார்கள். ஒருவர் ஜீப் ஓட்டுகிறார். ஒருவர் கோயிலில் மணி அடிக்கிறார். மூன்றாமவர் வேண்டுமென்றால் "எட்டரை டோமினிக்" என்று கேட்க வேண்டும். பிறக்கும்போது அவருக்கும் எல்லோரையும் போலப் பத்து விரல்தான். அதற்கு ஞானஸ்நானப் படம் ஒன்று சாட்சியாக இருக்கிறது. அதில் குழந்தை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சாமியாரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கப் பார்க்கிறது. அதற்குப் பிறகான ஐம்பத்திரண்டு வருடத்தில் ஒன்றரை விரல் செலவாகிவிட்டது. இடது கையில் சுண்டுவிரல் முழுசாக, வலது கையில் மோதிர விரல் பாதியாக.

மிச்சமிருக்கிற எட்டரையை வைத்துக்கொண்டு அவர் பெரியநாயகத்தின் பட்டறையில் இரும்பைச் சுற்றவிட்டுக் கடைகிற லேத் ஓட்டுகிறார். காப்பிப் பழம் உரிக்கிற மிசினின் அச்சு, மோட்டார் பம்பின் தண்டு, புதிதாக முளைக்கிற ரிசார்ட்டுகளின் கேட்டுக்குக் கீல் என்று எது வந்தாலும் கடைந்து கொடுப்பார். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. வாயைத்தான் சொல்ல வேண்டும்.

பட்டறை சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. மலையேறி வந்த காரில் எதையாவது ஒடித்துக்கொண்டு வந்து நிற்கிற சுற்றுலாக்காரர்கள் முதலில் கேட்பது வண்டியைப் பற்றி, இரண்டாவது கேட்பது விரலைப் பற்றி. பெங்களூர்க்காரர்கள் என்றால் டோமினிக் காட்டெருமை என்பார். சேலத்துக்காரர்களுக்குக் காட்டெருமை எடுபடாது, அவர்களே நாலு பார்த்திருப்பார்கள். அவர்களுக்குச் சிறுத்தை. குழந்தையோடு வந்தவர்களுக்கு ஒரு தனிக் கதை: சின்ன வயதில் நகம் கடித்துக் கடித்து விரலே தீர்ந்துபோய்விட்டது. அதைக் கேட்ட ஒரு தாய், மகன் நகம் கடிப்பதை விட்டுவிட்டான் என்று அடுத்த வருடம் தேடி வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போனாள். அதிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் இந்தப் பொய்யை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று பார்த்தால் பாவம் அவரில்லை. இருபத்திரண்டு வயதில் சேலத்தில் ஒரு தகடு அமுக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே இருந்த பிரஸ் மிசினுக்கு இரண்டு பித்தான். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் அச்சு கீழே இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்று மிசினைச் செய்தவன் யோசித்து வைத்த ஏற்பாடு. கம்பெனியின் சூப்பர்வைசரும் யோசித்தார். ஒரு பித்தானில் தீக்குச்சியைச் செருகி அமுங்கினபடியே நிறுத்திவிட்டால் ஒரு கை மிச்சமாகும், அந்தக் கையால் அடுத்த தகட்டை எடுக்கலாம் என்று அவர் யோசித்ததில் உருப்படி கூடியது. மூன்றாவது மாதம் டோமினிக்கின் சுண்டுவிரல் குறைந்தது. ஆஸ்பத்திரியில் கூட வந்த கம்பெனி ஆள் அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் "பஸ் கதவுல நசுங்கிருச்சுங்க" என்று எழுத வைத்தான். முத்திரையோடு அந்தச் சீட்டு இன்னும் டோமினிக்கிடம் இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியே பஸ் தன் விரலைத் தின்றதாக எழுதிக் கொடுக்கலாம் என்றால், காட்டெருமை தின்றதாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்பது அவர் கட்சி.

அடுத்த அரை விரலின் கதை அப்படிச் சிரிக்கிற கதையில்லை. அதைப் பதினாலு வருடமாக இரண்டே பேர் அறிவார்கள், டோமினிக்கும் பெரியநாயகமும்.

டோமினிக்கின் மனைவி சாந்தாமேரிக்கு மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல் வேலை. கண்டிப்பானவள், பக்தியானவள், சந்தேகம் என்று வந்துவிட்டால் இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறவள். அந்தக் காலத்தில் டோமினிக் பட்டறைக்குள் நுழைந்ததும் கல்யாண மோதிரத்தைக் கழற்றி லேத்துக்குப் பின்னால் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். சுற்றுகிற இரும்புக்குப் பக்கத்தில் மோதிரம் ஆகாது என்று தொழில் தெரிந்த யாருக்கும் தெரியும். ஒரு சனிக்கிழமை அவசரத்தில் திரும்ப மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்து வரிசையில் இருந்து சாந்தாமேரி அவர் கையைப் பார்த்தாள்.

"மோதிரம் எங்கீங்க?"

"பட்டறையில ஆணியில கெடக்குது."

"ஆணியா? எந்த ஆணி? பானு கடை ஆணியா?"

பானு பட்டறைக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கிறவள். டோமினிக் நாளைக்கு நாலு டீ குடிப்பார், அதைத் தவிர அந்தக் கடையில் அவருக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. இதை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். சாந்தாமேரி அவரைப் பீடத்துக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் முழங்காலில் நிறுத்தினாள். உயிர் இருக்கிறவரைக்கும் மோதிரத்தைக் கழற்றமாட்டேன் என்று மாதாவுக்கு முன்னால் சத்தியம் செய்தார்.

அந்தச் சத்தியத்தை அவர் ஒரு நாளும் மீறவில்லை. மூன்று வாரம் கழித்து லேத்தான் கழற்றியது. பம்பு தண்டு ஒன்றைச் சுற்றவிட்டு உப்புத்தாளைக் கையில் பிடித்துப் பளபளப்பாக்கிக் கொண்டிருந்தார். தண்டைக் கவ்விப் பிடித்திருந்த சக்கின் தாடை மோதிரத்தைக் கொக்கி போட்டு இழுத்தது. எப்படி என்று பார்க்கக்கூட நேரமில்லை. பெரியநாயகம் ஓடிவந்து கரண்டை நிறுத்தினபோது மோதிரம் கீழே இரும்புச் சுருளுக்குள் கிடந்தது.

மலையிறங்கி சேலம் போனார்கள். பாதி விரலை ஜூஸ் கடையில் வாங்கின ஐஸோடு ஒரு டிபன் டப்பாவில் போட்டுப் பெரியநாயகம் மடியில் வைத்திருந்தார். அவருக்கு வளைவுச் சாலை ஆகாது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தார். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அடிபட்டவர்தான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு வந்தார். பத்தாவது வளைவில் டோமினிக் சொன்னார்:

"மொதலாளி, மோதிரத்துல போச்சுன்னு என்ற ஊட்டுக்காரிகிட்டச் சொல்லீராதீங்க. தாங்கமாட்டா. சத்தியம் பண்ணுங்க."

வாந்திக்கு நடுவில் பெரியநாயகம் தலையை ஆட்டினார். விரல் ஒட்டவில்லை. சாந்தாமேரியிடம் தகடு வெட்டும் மிசின் கத்தி நழுவி விழுந்தது என்று டோமினிக் சொன்னார். மோதிரம் மலையிறங்கும்போது எங்கோ வளைவில் விழுந்துவிட்டது என்று அதையும் சேர்த்துக்கொண்டார். நசுங்கின மோதிரத்தைப் பட்டறையில் பழைய வாஷர் போட்டு வைக்கிற கிரீஸ் டப்பாவில் போட்டு அலமாரிக்குள் தள்ளினார்.

அன்றைக்கு அது நல்ல பொய்யாகத்தான் தெரிந்தது. பிறகுதான் அதற்குக் கை கால் முளைத்தது. கத்தியைச் சரிபார்க்காமல் விட்ட பாவி என்று சாந்தாமேரி பெரியநாயகத்தைப் பதினாலு வருடமாகத் திட்டுகிறாள். பட்டறை வாசலை மிதிப்பதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக் கேரியரை எதிரில் பானு கடைவரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவாள், அதைப் பானுதான் சாலையைத் தாண்டிக் கொண்டுவந்து கொடுப்பாள். எந்தப் பானுவை வைத்துச் சத்தியம் வாங்கினாளோ அதே பானு. கிறிஸ்துமஸ் கேக் ஒண்டிக்கடையில் எல்லாக் கடைக்கும் போகும், பெரியநாயகத்துக்கு மட்டும் போகாது. அவரும் மனிதர், அவருக்கும் கேக் பிடிக்கும். சத்தியத்தை நினைத்து மென்று விழுங்கிக்கொண்டார்.

இதெல்லாம்கூட டோமினிக்குக் கஷ்டமில்லை. சேலத்துக்குப் பஸ்ஸில் போகும்போது சாந்தாமேரி எப்போதும் ஜன்னலோரம் உட்காருவாள். ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டிச் சாலை ஓரத்தைப் பார்ப்பாள். வாய் முணுமுணுக்கும். பதினாலு வருடம் மழையும் லாரியும் போன சாலையில் ஒரு மோதிரம் கிடக்குமா என்று அவளிடம் கேட்க அவருக்கு வாய் வராது. காட்டெருமைக் கதை சொல்லுகிற அதே வாய்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பட்டறைக்குப் புஷ்பலதா வந்தாள். கரடியூர்க்காரி, முப்பத்தாறு வயது. அவள் பழம் பறித்துக்கொண்டிருந்த காப்பி எஸ்டேட் ஒரு நாள் ரிசார்ட்டாகிவிட்டது. ரிசார்ட்டுக்குக் கேட் செய்கிற பட்டறையில் கூட்டிப் பெருக்க வந்தவள், ஆறு மாதத்தில் டிரில்லிங் மிசின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாளைக்கு இருநூறு துளை போடுவாள், ஒன்றுகூடக் கோடு தப்பாது. டோமினிக்கையும் மிரட்டுவாள், பெரியநாயகத்தையும் மிரட்டுவாள்.

அவள் இரண்டு கையிலும் டஜன் கணக்கில் கண்ணாடி வளையல். மிசினுக்கு முன்னால் வளையல் வேண்டாம் என்று டோமினிக் முதல் நாளே சொன்னார்.

"கட்டிக்கிட்டவ வெறுங்கையோட ஒக்காந்தா ஊட்டுக்காரனுக்கு ஆகாதுங்கண்ணா" என்று முடித்துவிட்டாள் புஷ்பலதா. அவள் கணவன் மாதையன் கரடியூரில் மிளகுக் கொடி பார்த்துக்கொண்டு கல் மாதிரி இருக்கிற மனிதன். அவனுக்கு ஆகாதது ஒன்றும் உலகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் அதற்குமேல் டோமினிக் வாதாடவில்லை. கண்ணாடிதானே என்று விட்டுவிட்டார்.

அந்த மிசினுக்குக் கைக்குக் காவலாக ஒரு கார்டு இருந்தது. சுற்றுகிற பாகத்தைச் சுற்றிக் கம்பிவலையில் பெரிய கூண்டு, கதவைத் திறந்து தகட்டை வைத்து மூடினால்தான் ஓட்டலாம். வாங்கின மூன்றாம் நாளே பெரியநாயகம், ஒவ்வொரு துளைக்கும் கதவைத் திறந்து மூடினால் விடிந்துவிடும் என்று அதைக் கழற்றினார். வீட்டில் அவர் மனைவி அடைக்கோழியைக் கவிழ்த்து வைக்கக் கூடை தேடிக்கொண்டிருந்தாள். கூண்டு அங்கே போய்ச் சேர்ந்தது.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தகட்டைக் கவ்வியில் மாட்டாமல் கையால் பிடித்துக்கொண்டு துளை போட்டாள் புஷ்பலதா. டிரில்லின் தலையில் வளையல் உரசி மாட்டியது. கலகலவென்று ஏழெட்டு வளையல் நொறுங்கித் தரையில் சிதறியது. மணிக்கட்டில் இரண்டு கீறல், கொஞ்சம் ரத்தம். டோமினிக் லேத்தை நிறுத்திவிட்டு ஓடினார். கை முழுசாக இருக்கிறதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். புஷ்பலதா கையைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கெழம வளையல் ஒடைஞ்சு போச்சுங்களே" என்றாள். முகம் வெளுத்துவிட்டது.

கரடியூரே அதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். திங்கட்கிழமை அவள் வரும்போது கையில் கண்ணாடி இல்லை. தடித்த கவரிங் வளையல், கைக்கு இரண்டு, தங்கமாகவே மின்னியது.

"இது ஒடையாதுங்கண்ணா" என்று கையை ஆட்டிக் காட்டினாள். "அம்மிக்கல்லுல இடிச்சாலும் ஒடையாதுன்னு கடைக்காரரு சொன்னாருங்க. இனி ஒரு பயமும் இல்லை."

டோமினிக் லேத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"ஒடையோணும் கண்ணு. அது ஒடைஞ்சதுனாலதான் உன்ற கை நின்னுச்சு. இது ஒடையாது, கையத்தான் இழுத்துட்டுப் போவும்."

"அதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"என்ற விரல் போனதே அப்படித்தான். மோதிரம் மாட்டிப் போச்சு."

 புஷ்பலதா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து ஆயில் டின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"போன வாரம் பெங்களூர்க்காரங்ககிட்டக் காட்டெருமைன்னீங்க. என்ற பையன்கிட்ட நகம் கடிச்சதுன்னீங்க. சாந்தாக்காகிட்டத் தகடு வெட்டுற மிசினுங்கறீங்க. இன்னிக்கி என்னைய வளையலக் கழட்ட வெக்கறதுக்கு மோதிரமாக்கும். நொம்ப நல்லா இருக்குதுங்கண்ணா."

"சத்தியமா மோதிரம்தான்."

"சாந்தாக்கா பொய் சொல்லாதுங்க. அது இங்க வந்து மோதிரம்னு சொல்லட்டும், அப்பக் கழட்டறேன்."

டோமினிக் வாழ்க்கையில் சொன்ன கதைகளில் ஒன்றுகூட நம்பப்படாமல் போனதில்லை. முதல் தடவையாக உண்மையைச் சொன்னார், ஒரு ஆள் நம்பவில்லை. அவர் பெரியநாயகத்திடம் போனார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க மொதலாளி."

"நான் சத்தியம் பண்ணீருக்கறேன்ப்பா. நீதான வாங்குன" என்றார் பெரியநாயகம். இத்தனை வருடத் திட்டுக்கும் வட்டி சேர்த்து வாங்குவது போல அதைச் சொன்னார். "அதுவுமில்லாம ரிசார்ட்டுக் கேட்டு சனிக்கெழம போவோணும். கெளம்பு கெளம்பு."

"அப்ப அந்தக் கார்டையாவது மாட்டுங்க."

"கோழி அடைகாக்குதேப்பா. இன்னும் ஒரு வாரம்."

செவ்வாய்க்கிழமை முழுவதும் டோமினிக் தண்டைக் கடைவதும் அந்தப் பக்கம் திரும்புவதுமாக இருந்தார். இரண்டு தண்டு அளவு தப்பிப் பாழாகியது. வீட்டில் சாந்தாமேரி சோறு போடும்போது சொல்லிவிடலாமா என்று நாலு தரம் வாயெடுத்தார். சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். பெரியநாயகத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறவள் இனி தன்னையே திட்டிக்கொள்வாள். பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றது அவர், ஆனால் நிறுத்தினது அவள். அவள் அதற்குப் பிறகு மாதாவை எப்படிப் பார்ப்பாள்? இன்னொரு அரை விரல் வேண்டுமானால் போகட்டும், இதைச் சொல்லமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு கையைக் கழுவினார். படுத்த பிறகுதான், போகப்போவது தன் விரல் இல்லை என்று உறைத்தது.

புதன்கிழமை மத்தியானம் லேத் சத்தத்துக்கு நடுவில் "டிங்" என்று ஒரு சத்தம் கேட்டது. கவரிங் வளையல் டிரில்லின் தலையில் தட்டுகிற சத்தம். புஷ்பலதா கவனிக்காமல் அடுத்த தகட்டை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு "டிங்". டோமினிக் மூன்றாவதுக்குக் காத்திருக்கவில்லை. நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அதற்கு முன்னால் நின்றுகொண்டார். பட்டறையில் எல்லாம் சுற்றி ஓய்ந்து நின்றது.

"கெரகமே, கரண்டு போச்சா?" என்று உள்ளிருந்து பெரியநாயகம் கத்தினார்.

 எதிரில் பானு கடையில் சாந்தாமேரி கேரியரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டோமினிக் வாசலுக்கு வந்து கூப்பிட்டார்.

"மேரி, உள்ள வா."

"நான் எதுக்குங்க அந்தாளு எடத்துக்கு வரோணும்?"

"வா மேரி. ஒரு கை போவப்போவுது."

அந்தக் குரலில் கதை சொல்லுகிற டோமினிக் இல்லை. அவள் சாலையைத் தாண்டிப் பதினாலு வருடத்துக்குப் பிறகு பட்டறைக்குள் நுழைந்தாள். என்ன நடக்கிறது என்று பார்க்கக் கேரியரோடு பானுவும் வந்தாள். டோமினிக் அலமாரியில் இருந்து கிரீஸ் டப்பாவை எடுத்தார். வாஷர்களைக் கிளறி, அடியில் இருந்த ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து, அவள் உள்ளங்கையில் வைத்தார்.

வட்டமாக இருந்த மோதிரம் நசுங்கி நீள்வாக்கில் கிடந்தது. ஒரு பக்கம் பல்லால் கடித்த மாதிரி பள்ளம். சாந்தாமேரி அதை வெளிச்சத்தில் பிடித்து உள்பக்கம் பார்த்தாள். இரண்டு எழுத்து வெட்டியிருந்தது, ஒன்று அவருடையது, ஒன்று அவளுடையது.

"இது வளைவுல விழுந்துருச்சுன்னீங்க."

"விழுவல. லேத்துல மாட்டுச்சு. விரலு அதோடதான் போச்சு."

"அப்ப அந்தத் தகட்டு மிசினு?"

"அது ஒண்ணும் பண்ணல."

அவள் ஆயில் டின்மேல் உட்கார்ந்தாள். வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டாள். கணக்கு முடிந்த இடம் அவள் முகத்தில் தெரிந்தது.

"நான் சத்தியம் வாங்கி எத்தன நாள் ஆயிருந்துச்சுங்க?"

"மூணு வாரம்."

 பெரியநாயகம் தலையைக் குனிந்துகொண்டு ஒரு போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தார். அதில் நட்டே இல்லை.

"பஸ்ஸுல நான் தேடித் தேடிப் பாக்கறப்பப் பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க" என்றாள் சாந்தாமேரி. "பொய் சொல்லிச் சொல்லி என்னையப் பதினாலு வருசம் நல்லவளா வெச்சிருந்தீங்க."

டோமினிக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்க அவருக்கு ஒரு கதையும் கிடைக்கவில்லை.

"உன்ற தப்பில்ல மேரி. அன்னிக்கே உன்னையக் கூட்டியாந்து இந்த ஆணியக் காட்டியிருக்கோணும். நீ பேசுன பேச்சுல எனக்கு ரோசம். போய்த் தொலையட்டும்னு மாட்டிக்கிட்டேன்."

அவர் சுவரைக் காட்டினார். ஆணி அங்கேதான் இருந்தது, துருவேறி, ஒன்றும் தொங்காமல். சாந்தாமேரி அதைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புஷ்பலதாவிடம் திரும்பினாள்.

"கழட்டு கண்ணு."

புஷ்பலதா இப்போது சிரிக்கவில்லை. நம்பிவிட்டாள், அது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கை வளையல்மேல் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"போன வெள்ளிக்கெழமதான் ஒடைஞ்சுதுங்கக்கா. மறுக்காக் கழட்டுனா அவருக்கு எதாச்சும்…"

சாந்தாமேரி தன் கையில் இருந்த கல்யாண மோதிரத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. ஹாஸ்டலில் இருநூறு பேருக்கு மாவு பிசைந்து பிசைந்து விரல் தடித்துவிட்டது. திருகினாள், எச்சில் தொட்டுப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். டோமினிக் கிரீஸை நீட்டினார், முறைத்தாள். பானு தன் கடைக்கு ஓடிப்போய்ப் பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கொண்டுவந்தாள். நுரை பொங்க இழுத்ததில் மோதிரம் கழன்று வந்தது. விரலில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. சாந்தாமேரி நேராகப் போய் மோதிரத்தை ஆணியில் மாட்டினாள்.

"பாத்துக்க. வெறுங்கையோட நிக்கறேன்" என்று கையை விரித்துக் காட்டினாள். பிறகு டோமினிக்கைக் காட்டினாள். "இந்தாளு உசுரோடத்தான் நிக்கறாரு. மாட்டிக்கிட்டிருந்ததுலதான் பாதி போச்சு."

புஷ்பலதா ஒவ்வொன்றாக நாலு வளையலையும் கழற்றினாள். ஆணியில் மாட்டும்போது ஒன்றோடு ஒன்று தட்டி "டிங்" என்றது. டோமினிக்குத் தூக்கிவாரிப் போட்டது, பிறகு மூச்சு வந்தது.

பெரியநாயகம் இதற்காகவே காத்திருந்தவர் போலப் போல்ட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப அம்மிணி, எம்மேல இருந்த கோவம்…"

"பாதியத் திருப்பி வாங்கிக்கறேனுங்க" என்றாள் சாந்தாமேரி. "தெரியாமத் திட்டிப்போட்டேன், மன்னிச்சுக்கோங்க. மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும். அந்த மிசினுக்குக் கார்டு எங்கீங்க?"

"அது… கோழி…"

"கோழிக்கு இருக்கற காவலு இவ கைக்கு இல்லீங்களா?"

பெரியநாயகம் செருப்பை மாட்டினார். சாந்தாமேரி சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அரை மணி நேரத்தில் கூண்டைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அதில் இறகும் எச்சமும் அப்படியே ஒட்டியிருந்தது. கோபக்காரக் கோழி ஒன்று பானு கடைவரை அவரைத் துரத்திக்கொண்டு வந்து நின்றது. டோமினிக் எட்டரை விரலால் கூண்டைக் கழுவி மாட்டிய பிறகுதான் சாந்தாமேரி சுவிட்சுக்குப் பக்கத்திலிருந்து நகர்ந்தாள். ரிசார்ட்டுக் கேட் சனிக்கிழமை போகவில்லை, அடுத்த புதன்கிழமை போயிற்று. ரிசார்ட் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

டிசம்பர் பிறந்ததும் கேக்குக்குச் சாமான் வாங்க டோமினிக்கும் சாந்தாமேரியும் சேலத்துக்குப் பஸ் ஏறினார்கள். இந்த வருடம் பெரியநாயகத்துக்கும் கேக் உண்டு, பாதிதான். தகடு வெட்டும் மிசினுக்கும் கார்டு மாட்டினால் அடுத்த வருடம் முழுசு என்று பானு மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். சாந்தாமேரி விரலில் மோதிரம் திரும்ப வந்திருந்தது, கொஞ்சம் பெரிசாக்கி, வேண்டும்போது கழற்றுகிற மாதிரி. நசுங்கினது அவள் பைக்குள் ஜெபமாலையோடு இருந்தது.

முதல் வளைவில் பஸ் திரும்பியபோது அவள் தலை பழக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே போனது. டோமினிக் பார்த்தார். 

"என்ன மேரி தேடற?"

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, அவருடைய பாதி விரலைத் தன் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"கொரங்கு பாக்கறேனுங்க" என்றாள். "பொய் சொல்றதுக்கு நீங்க ஒருத்தருதானா?"